ஒற்றைக் கொம்பு

மூன்றாவது மணியும் அடித்தாயிற்று. இனி ஓடவும் முடியாது, ஒளியவும் முடியாது. சங்கரவடிவு பக்கத்திரைக்குப் பின்னால் நின்றாள். நின்றாள் என்பது ஒரு பேச்சுக்குத்தான், கால் நின்றது, நெஞ்சு அது பாட்டுக்குக் கிடந்து அடித்துக்கொண்டது. இத்தனைக்கும் பேசுவது அவளுக்குப் புதுசா என்ன, பஸ் ஸ்டாண்டு அறிவிப்புக் கூண்டில் உட்கார்ந்து நாள் முழுக்கப் பேசுகிற வாய், பயணிகளின் கனிவான கவனத்திற்கு என்று அவள் எடுத்தால் ஜனம் பாதி குடித்த காப்பியை வைத்துவிட்டு மூட்டையைத் தூக்கும், ஆனால் அங்கே அவளை ஒருத்தர் ஏறிட்டுப் பார்த்ததில்லை, குரல் மட்டும்தான் வெளியே போய் வேலை பார்க்கும், உடம்பு கூண்டுக்குள் சாப்பாட்டுத் தூக்கோடு பத்திரமாக இருக்கும். இங்கே அந்தச் சௌகரியம் கிடையாது. தோல்பை வார் தோளை அறுத்தது. இந்தப் பையைத் தூக்கிக்கொண்டுதானே ஆவுடையம்மாள் அந்தக் காலத்தில் வேகாத வெயிலில் ஊர் ஊராக நடந்தாள், அம்மை குத்த வந்தவன் ஆம்பளை என்றால் பொம்பளைகள் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள் என்று சர்க்கார் ஒரு பொம்பளையைத் தேடியபோது, புருஷன் கொழும்பில் கடைக்கணக்கு எழுதிக்கொண்டு வருஷத்துக்கு ஒருமுறை தலைகாட்டிப் போன நேரத்தில், சொந்தக்காரர்கள் காறித் துப்பியும் காதில் போட்டுக்கொள்ளாமல் வேலையில் சேர்ந்தவள், இந்தச் சுற்றுவட்டாரத்துக்கே முதல் அம்மை குத்துக்காரி. அவள் எழுதிய டைரிதான் இன்றைக்கு நாடகம். வசனமெல்லாம் வடிவுக்குத் தலைகீழ்ப் பாடம், ஒரு வரி மட்டும் கறிவேப்பிலைக் காம்பு மாதிரி தொண்டையில் மாட்டிக்கொண்டே இருக்கிறது, இன்று இன்ஸ்பெக்டரிடம் கெட்டேன். சிரித்தார். வெளியில் சொல்லவில்லை. இன்ஸ்பெக்டரிடம் கெட்டேன். அது எப்படி, கெட்டேன் என்றால் இன்ஸ்பெக்டரால் கெட்டேன் என்றுதானே வரும், 'இடம்' எங்கிருந்து வந்தது? ஒத்திகையில் கேட்டாள், "எங்கனயோ இடிக்கே அண்ணாச்சி" என்று. அழகியநம்பி அண்ணாச்சிதான் நாடகத்தை எழுதியவர், நடத்துகிறவர், ஆவுடையம்மாளுக்கு மேலதிகாரியான சுகாதார இன்ஸ்பெக்டராக நடிப்பவரும் அவரேதான். "அந்தக் காலத்து நடை அப்படித்தான் வடிவு. நீ உணர்ச்சியைப் பாரு, வேற்றுமை உருபைப் போட்டு நோண்டாத" என்று வாயை அடைத்துவிட்டார்.

திரையில் ஒரு சின்ன ஓட்டை இருந்தது, எத்தனை பேர் கண்ணை வைத்துத் தேய்த்த ஓட்டையோ. வடிவும் கண்ணை வைத்தாள். வைத்திருக்க வேண்டாம். முன்வரிசை நடுவில் பிரமநாயகிப் பெரியம்மை உட்கார்ந்திருந்தாள், ஆவுடையம்மாள் பெற்ற ஒரே மகள், எண்பதைத் தாண்டிவிட்டாள், டெலிபோன் ஆபீஸில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவள், இன்றைக்கென்று மாம்பழக் கலர் பட்டுக் கட்டி மடியில் தண்ணீர் பாட்டிலை வைத்துக்கொண்டு மேடையையே பார்த்தபடி. டைரியெல்லாம் அவள் கொடுத்ததுதான். புள்ளியில்லை, கொம்பு சரியில்லை, ரெண்டு பக்கம் பார்த்தால் கண்ணைக் கட்டுது, எனக்கு இது ஆகாது என்று ஒரு டிரங்குப் பெட்டியோடு தூக்கிக் கொடுத்தாள். கொடுக்கும்போது சொன்னது வடிவுக்கு இப்போதும் காதில் கிடக்கிறது. "எங்கம்மை எதுக்கும் அசர மாட்டா பிள்ள. ஆலங்கிணறுங்கிற ஊர்ப் பேரை எடுத்தா மட்டும் எந்திரிச்சு அடுக்களைக்குள்ள போயிருவா. பஸ்ஸு அந்த வழியாப் போகும்னு தெரிஞ்சா ஏற மாட்டா. ஏன்னு கேட்டா வாயத் திறக்க மாட்டா. சாவுற அன்னைக்கும் கேட்டேன், சொவத்தப் பாத்துத் திரும்பிப் படுத்துக்கிட்டா. அதுல எழுதியிருக்காளான்னு மட்டும் எனக்குச் சொல்லு, நாடகம் கீடகமெல்லாம் ஒங்க இஷ்டம்." ஆலங்கிணறு டைரியில் வருகிறது. பெரியம்மை நோய் வந்தது, பிள்ளைகள் போயின என்று ரெண்டு வரி. அண்ணாச்சி முடிச்சுப் போட்டுவிட்டார்: இன்ஸ்பெக்டரிடம் கெட்டது ஆலங்கிணற்றுக்குப் போகிறதுக்கு முந்தின ராத்திரி தங்கின முகாமில், அதனால்தான் அந்த ஊர்ப் பேரே ஆகவில்லை. தாயாரைப் பற்றி மகளிடம் முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லிவிடலாம் என்று வடிவு படித்துப் படித்துச் சொன்னாள், மேடையில பார்த்துத் தெரிஞ்சுக்கிடட்டும், அதுக்குத்தான் நாடகம் என்றார். அந்த முகாம் நடந்த மறுவருஷம் பிறந்தவள் பிரமநாயகி. ஊர் சும்மா இருக்குமா, விரலை மடக்கி மாசக் கணக்குப் போடும், கொழும்பிலிருந்து அப்பன் எப்போது வந்தான், எப்போது போனான் என்று நாடகம் முடிந்து வெளியே வரும்போதே பேசும், இந்த மாம்பழக் கலர் பட்டுச் சேலைக்காரியின் முதுகுக்குப் பின்னால், ஏன், முகத்துக்கு நேராகவே. அதைச் சொல்லப்போகிற வாய் என் வாய் என்று வடிவு நினைத்தாள். முதன்முதலில் சொன்னதும் இந்த வாய்தான். டைரியை உரக்க வாசித்தவள் அவள், அவள் வாசிக்க வாசிக்க டைப் அடித்தவர் அண்ணாச்சி, அந்த இடம் வந்தபோது அவளாகத்தான் கெட்டேன் என்று வாசித்தாள், அண்ணாச்சி டைப் அடிப்பதை நிறுத்திவிட்டு அழுதார். அழுகிற மனுஷனிடம் அப்புறம் யார் என்ன கேட்பது.

திரை போய்விட்டது, வெளிச்சம் முகத்தில் அறைந்தது, கால் தானாக நடந்தது. நல்லவேளை, முதல் காட்சி வாய்க்கு வந்துவிட்டது, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு "இன்று பை கொடுத்தார்கள்" என்று தொடங்கினாள், யாரோ ஒரு பிள்ளை இருமியது, யாரோ ஒருவர் செல்போனை அமுக்கினார், அப்புறம் கூட்டம் அடங்கியது. கதவைச் சாத்திய வீடுகள், திண்டாட வைத்த நாய்கள், ஊசிக்குப் பயந்து பரணில் ஏறிக்கொண்ட மாமியார் என்று சிரிக்க வைக்கிற இடமெல்லாம் சிரித்தார்கள், பிரமநாயகிப் பெரியம்மை எல்லாரையும் விடச் சத்தமாகச் சிரித்தாள், சிரி தாயி, இப்பவே சிரிச்சுக்கோ என்று வடிவு நினைத்துக்கொண்டாள். அடுத்தது வெயில் காட்சி. அம்மை குத்துகிற மருந்தான அம்மைப்பால் குழாய்களை ஈரத்துணியில் சுற்றிப் பானைக்குள் வைக்க வேண்டும், சபைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பின்திரையைப் பார்த்தபடி. பின்திரை ஒத்திகையில் வெறும் வெள்ளைத் துணியாக இருந்தது. இன்று மத்தியானம்தான் பிளக்ஸ் அடித்து வந்து மாட்டினார்கள், டைரியின் ஒரு பக்கத்தையே ஆள் உயரத்துக்கு மேல் பெரிதாக்கி, ஒவ்வொரு எழுத்தும் ஒரு சாண். வடிவு பானைக்குள் கையை விட்டபடி நிமிர்ந்தாள், நேர் எதிரே எழுத்து நின்றது. மொர கெடடென. இலலை எனறாள. அவள் வாய் அதே வரியைத்தான் அந்த நேரம் சொல்லிக்கொண்டிருந்தது, "மோர் கேட்டேன், இல்லை என்றாள்", வாய் கேட்டேன் என்கிறது, கண் கெடடென என்கிறது. ஒற்றைக் கொம்பு. கூர்ந்து பார்த்தாள். ஒற்றைக் கொம்பேதான். அதற்கடுத்த வரி, தணணீர கெடடென, அதற்கும் ஒற்றைக் கொம்பு. அடி பாவி, என்று நினைத்தாள். யாரை நினைத்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. ஆவுடையம்மாளுக்கு இரட்டைக் கொம்பே கிடையாது. ஏடு எழுதுகிற அப்பாவிடம் மணலில் எழுதிப் படித்தவள், ஓலையில் புள்ளி குத்தினால் கிழியும் என்று புள்ளியே வைக்காத கை, கெட்டேனுக்கும் கேட்டேனுக்கும் ஒரே எழுத்து. இது தெரியாமலா வாசித்தார்கள், தெரிந்துதான் வாசித்தார்கள், மோரைக் கெட்டேன் என்று எவளாவது சொல்வாளா, அதனால் அங்கெல்லாம் நாக்கு தானாக நீட்டிக்கொண்டது, இங்கே மட்டும் முகாம், மழை, தனியாகப் பொம்பளை, ஒரு ஆம்பளை அதிகாரி, நாக்கு தானாகக் குறுகிக்கொண்டது. இன்ஸ்பெக்டரிடம் கேட்டேன். இடம். இப்போது இடிக்கவில்லை. வழுக்கிக்கொண்டு உள்ளே போயிற்று.

சரி, கேட்டாள். என்னத்தைக் கேட்டாள்? பானைத் தண்ணீருக்குள் கை விறைத்துப்போய்க் கிடந்தது, கை மறந்துவிட்டது, வாய் மறக்கவில்லை, வாய் அடுத்த வரியைச் சொல்லியது, "பால் நீர்த்துப்போயிருக்கிறது. வெயில் அப்படி." ஒத்திகையில் நூறு தடவை சொன்ன வரி, வெயில் கொடுமைக்கு ஒரு வரி என்று நெற்றியைத் துடைத்துக்கொண்டு சொல்வாள். இன்றைக்கு அதைச் சொன்ன மாத்திரத்தில் கேள்விக்குப் பதில் வந்துவிட்டது. பால் நீர்த்துப்போனால் அம்மை குத்தியும் குத்தாத மாதிரிதான். அதைத்தான் கேட்டிருக்கிறாள், ஐயா, பால் கெட்டுப்போயிருக்கே, குத்தலாமா என்று. சிரித்தார். பொம்பளைக்கு வந்த சந்தேகத்தைப் பாரு என்று சிரித்திருப்பான். வெளியில் சொல்லவில்லை. அப்புறம்தான் ஆலங்கிணறு. குத்தியாயிற்று, இனி நம்ம பிள்ளைக்குப் பயமில்லை என்று தைரியமாகக் கதவைத் திறந்து வைத்திருந்த வீடுகளில்தான் பிள்ளைகள் போயின. கடவுளே. கெட்டேன் என்றால் ஆவுடையம்மாள் பாவம், ஊர் உச்சுக்கொட்டும், கைக்குட்டை எடுக்கும், மகள் மட்டும் தலை குனிவாள். கேட்டேன் என்றால் ஆவுடையம்மாளுக்குத் தெரியும். தெரிந்து வாயை மூடிக்கொண்டாள். எதை நான் அந்தப் பெரிய மனுஷிக்குக் கொடுப்பேன், ஒன்று பொய், ஒன்று மெய், பொய் அவளைச் சந்தி சிரிக்க வைக்கும், மெய் அவள் தாயாரைத் தின்னும், ரெண்டுமே இந்த வாயிலிருந்துதான் வர வேண்டும் என்றால் நான் என்ன செய்வேன். கூண்டில் தப்பாகச் சொல்லிவிட்டால் திருத்திச் சொல்லலாம், திருத்தம், தென்காசி வண்டி மூன்றாவது நடைமேடையில் என்று சொன்னால் ஜனம் ஏசிக்கொண்டே அந்தப் பக்கம் ஓடும், ஒரு குடும்பத்தைச் சந்தியில் இறக்கிவிட்டு அப்புறம் திருத்தம் என்றால் யார் ஓடுவது, எங்கே ஓடுவது.

விளக்கு அணைந்து இசை போட்ட இடைவெளியில் பக்கத்திரைக்குள் பாய்ந்தாள். அண்ணாச்சி காக்கிக் கோட்டைப் போட்டுக்கொண்டு மீசையை ஒட்டிக்கொண்டிருந்தார். "அண்ணாச்சி, அது கெட்டேன் இல்ல, கேட்டேன். பிளக்ஸப் பாருங்க, மோருக்கும் ஒத்தக் கொம்புதான் போட்டிருக்கா." அவருக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் முகம் செத்துப்போயிற்று. எட்டிப் பின்திரையைப் பார்த்தார், உதடு அசைந்தது, வாசிக்கிறார், வாசித்துவிட்டார். "இப்பவா வந்து சொல்லுத?" என்றார். "நான் இப்பத்தான பாத்தேன்." "வடிவு, என் கண்ணில்ல, இன்னைக்கு ஒரு நாள் எழுதினபடி சொல்லிரு. சிவப்பு லைட்டு, மழைச் சத்தம், எல்லாம் அந்த ஒரு சொல்ல வச்சுத்தான் கட்டியிருக்கு. கேட்டேன்னா அதுக்கப்புறம் நான் மேடைக்கு வந்து என்ன செய்ய? நாடகமே படுத்துரும்." "அந்தப் பெரியம்மை பொறப்பையே சந்தேகப்படுவானுவ அண்ணாச்சி." "நாளைக்கு மாத்திக்கிடலாம்." "நாளைக்கு அவ வர மாட்டா, இன்னைக்குத்தான் வந்திருக்கா." அவர் கையெடுத்துக் கும்பிட்டார், ஒட்டின மீசை ஒரு பக்கம் தொங்கியது, இன்னொரு நேரமாக இருந்தால் வடிவு சிரித்திருப்பாள். பாவம் அவரும், ரெண்டு வருஷ உழைப்பு, கைக்காசு, வீட்டுக்காரி ஏச்சு, அவர் ஒன்றும் கெட்ட மனுஷர் இல்லை, அழுதது நிஜமாகத்தான் அழுதார். அப்படியே சொல்லிவிட்டால்தான் என்ன, எழுதிக் கொடுத்ததைச் சொல்கிறவள்தானே நான், எந்த வண்டி எங்கே நிற்கும் என்று முடிவு பண்ணுவது நானா. ஆனால் முதலில் வாசித்தவள் நீதானே, யார் சொல்லியும் வாசிக்கவில்லையே. இசை நின்றுவிட்டது. அரிக்கேன் விளக்கை யாரோ கையில் திணித்தார்கள்.

மழைச் சத்தம் போட்டுவிட்டார்கள். முகாம். விளக்கை வைத்துவிட்டு முக்காலியில் உட்கார வேண்டும், உட்கார்ந்தாள். இருட்டில் முன்வரிசை தெரியாது என்று யார் சொன்னது, அந்தப் பட்டுச் சேலை மட்டும் மஞ்சளாகத் தெரிகிறது, தண்ணீர் பாட்டில் மின்னுகிறது. இதற்கு முந்தின வரி வரைக்கும் வந்துவிட்டாள். "முகாமில் வேறு பெண்கள் இல்லை." சபை மூச்சை இழுத்துப் பிடித்தது வடிவுக்குத் தெரிந்தது, அவர்களுக்குத் தெரிந்துவிட்டது, அவர்களாகவே கெட்டேன் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டார்கள், அவள் சொல்லவே வேண்டாம், சும்மா இருந்தாலே போதும். சும்மா இருந்துவிடுவோமா. பக்கத்திரைக்குள் காக்கிக் கோட்டு அசைந்தது, அண்ணாச்சியின் கண்ணைப் பார்த்தாள், கெஞ்சல், பார்க்கக் கூடாது, மகளைப் பார்க்க வேண்டும், வேண்டாம், மகளையும் பார்க்கக் கூடாது. அவ கேட்டது என்ன, அம்மைக்கு நல்ல பேரா கேட்டா? ஏன்னு கேட்டா. ஏன் என்று மட்டும்தான் இத்தனை வருஷமாகக் கேட்கிறாள். "இன்று இன்ஸ்பெக்டரிடம்" என்று வாய் ஆரம்பித்தது, இடம், இடம், நில்லு, மூச்சை எடு, கொம்பை நீட்டு. "கேட்டேன்" என்றாள் வடிவு.

சிவப்பு வெளிச்சம் வந்துவிட்டது. விளக்குப் போடுகிறவருக்கு ட்டேன் வந்தால் போதும், போட்டுவிட்டார், மேடை முழுக்க ரத்தம் கொட்டினாற்போல் சிவந்தது, ஒரு பொருத்தமும் இல்லாமல். அண்ணாச்சி வர வேண்டிய நேரம், வந்தார், வேறு என்ன செய்வார், வந்து நடு மேடையில் நின்றுவிட்டார், விளக்கை ஊதி அணைக்க வேண்டியவர் கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார். வடிவு எழுந்தாள். எழுதாத வசனம் அது, எங்கிருந்து வந்தது என்று அவளைக் கேட்டால் அவளுக்குத் தெரியாது. "ஐயா, குழாய்ல பால் நீர்த்துப்போயிருக்கு. நாளைக்கு ஆலங்கிணத்துல பிள்ளையளுக்கு இதைக் குத்தலாமா ஐயா?" அண்ணாச்சி விழித்தார். பெரிய நடிகர்தான், என்றாலும் வெறும் ஆளாக நின்று விழித்தார், அப்புறம் பதற்றத்தில், என்ன செய்வதென்று தெரியாமல், சிரித்தார். ஹ ஹ என்று ரெண்டு தடவை, மண்டபத்தில் அது போய்ச் சுவரில் முட்டித் திரும்பியது. இதைவிட யாரும் அந்தச் சிரிப்பை நன்றாகச் சிரித்திருக்க முடியாது. மழைச் சத்தம் மட்டும் டேப்பில் பேய்ந்துகொண்டிருந்தது.

"ஏ பிள்ள." முன்வரிசையிலிருந்து வந்தது. டெலிபோன் ஆபீஸில் நாற்பது வருஷம் பேசின குரல், மைக் இல்லாமலே கடைசி வரிசைக்குக் கேட்டிருக்கும். யாரோ உஷ் என்றார்கள். பிரமநாயகிப் பெரியம்மை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, எழுந்து நின்றுவிட்டாள், தண்ணீர் பாட்டில் மடியிலிருந்து விழுந்து உருண்டது. "அப்பம் எங்கம்மைக்குத் தெரியுமா?"

வடிவுக்குக் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. இன்னும் ஒரு வழி இருக்கிறது, தெரியாது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்த மனுஷி உட்கார்ந்துவிடுவாள், நிம்மதியாக வீட்டுக்குப் போவாள், இருக்கப்போவதே இன்னும் கொஞ்ச நாள், யாருக்கு என்ன நஷ்டம். ஆவுடையம்மாளும் இப்படித்தானே நினைத்திருப்பாள். "தெரியும்" என்றாள். "கேட்டா. சிரிச்சாரு. வெளிய சொல்லல."

பெரியம்மை நின்றபடியே இருந்தாள். கூட்டம் அவளைப் பார்த்தது, அண்ணாச்சி அவளைப் பார்த்தார், சிவப்பு விளக்கை அணைக்கக்கூட ஒருத்தருக்கும் தோன்றவில்லை. அவள் முந்தானையால் வாயை அழுந்தத் துடைத்தாள். பின்னாலிருந்து ஒரு கை அவள் தோளைத் தொட்டது, அதைத் தட்டிவிட்டாள். நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தாள்.

"சரி" என்றாள். "மேல சொல்லு."

வடிவு பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு மேடையின் விளிம்புக்கு வந்தாள். சபையைப் பார்க்கவில்லை, அவளை மட்டும் பார்த்துச் சொன்னாள். "புதுப்பால் வரவில்லை. ஆலங்கிணறு போனேன். தாய்மார்கள் கதவைத் திறந்தார்கள். இருந்ததைக் குத்தினேன்."